கறுப்புத் தோல், வாழைத் தோட்டம்

'கறுப்பின ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம்.' மருத்துவச் சொல்லாடலின் இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். புள்ளிவிவரம் பொய்யில்லை. பிரிட்டனில் ஆண்களில் 8 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு. அமெரிக்காவில் கறுப்பர்களின் சாவு வீதம் வெள்ளையரைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் வாக்கியம் நோயை எங்கே வைக்கிறது? தோலுக்குள். 'அவங்க உடம்பு அப்படி' என்று சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரி, முதலாளி, அரசு எல்லாம் கைகழுவிக்கொண்டு போய்விடலாம்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்பதல்ல. நோய் வருவதில் பங்கு இருக்கலாம். சாவதில்? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற சுமார் 60,000 பேரை ஆராய்ந்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே கறுப்பர்களின் சாவு வீதம் வெள்ளையரைவிட அதிகமாக இல்லை. நுழையும் கதவு ஒன்றாக இருந்தபோது சாவு நிறம் பார்க்கவில்லை.

நோயின் காரணத்திலும் தோலைத் தாண்டிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: எமே செசேரும் ஃபிரான்ஸ் ஃபனானும் பிறந்த மார்த்தினிக். இன்றும் பிரான்சின் கீழிருக்கும் கரீபியத் தீவு. இங்கும் பக்கத்துக் குவாதலூப்பிலும் வாழைக் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை குளோர்டெக்கோன் மருந்து போட்டார்கள். அதைத் தயாரித்த அமெரிக்க ஆலையில் தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் கண்டு 1975இலேயே ஆலையை மூடியாயிற்று. பிரான்ஸ் 1990இல் தடைசெய்தது; தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு. 1974 பிப்ரவரியில் மார்த்தினிக் வாழைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு நச்சு மருந்துகளை நிறுத்தச் சொன்னதும் அவர்கள் கோரிக்கை. பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. செசேரின் ஊரான பாஸ்-புவாந்த் பகுதியில் ஒரு தொழிலாளி செத்தார். 

இரத்தத்தில் இந்த நஞ்சு கூடக்கூடப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயமும் கூடுவதை 2010இல் குவாதலூப் ஆய்வு காட்டியது. இரு தீவுகளிலும் வயதுவந்தோரில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இரத்தத்தில் அது இருப்பதாகப் பின்னர் தெரியவந்தது. இவர்கள் அடிமைகளின் வாரிசுகள் மட்டுமல்ல. 1853 முதல் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேற்றப்பட்ட தமிழ்க் கூலிகளின் வாரிசுகளும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். நம் மாரியம்மன் அங்கே மாலியேமின்.

2021 டிசம்பரில் பூச்சிமருந்தால் வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்சார் நோயாகப் பிரான்ஸ் ஏற்றது. வெற்றிதான். ஆனால் 10 ஆண்டு அந்த மருந்தோடு வேலை செய்ததைக் காட்ட வேண்டும். தினக்கூலிக்கு ஏது காகிதம்? அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள், அந்த மண்ணின் கிழங்கைத் தின்றவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. 2006இல் தொடுத்த குற்ற வழக்கு 2023 ஜனவரியில் முடித்துவைக்கப்பட்டது. நடந்தது சுகாதார அவலம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். குற்றவாளிதான் யாருமில்லை.

ஃபனானை நாம் அடையாளம், வன்முறை என்று வாசித்துத் தீர்த்திருக்கிறோம். அவர் மருத்துவர் என்பது நமக்கு அடிக்குறிப்பு. அல்ஜீரியப் புரட்சி பற்றிய 1959ஆம் ஆண்டு நூலில் காலனிய மருத்துவத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறவனை அறியாமை என்று திட்டாமல், அந்த அவநம்பிக்கை எந்த அதிகாரத்தால் உண்டானது என்று பார்க்கச் சொல்லும் அத்தியாயம் அது.

திருவானைக்காவலில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. கொள்ளிடக்கரை வாழைக்கும் கூன்வண்டு உண்டு. கன்று நடும்போது குருணை மருந்து வைக்கிற கை பெரும்பாலும் நிலமில்லாத கூலியின் கை. இங்கே வைப்பது அந்த மருந்தல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதேதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பேர், வயசுக்குப் பக்கத்தில் 'என்ன வேலை பார்த்தே, யார் தோட்டத்துல, எத்தனை வருஷம் மருந்து வச்சே' என்பதும் ஏற வேண்டும். அது ஏறாதவரை சிகிச்சை சலுகையாகவே கிடைக்கும். அந்த உடம்புக்கு நாம் பட்ட கடன் அப்படியே நிற்கும்.