சுத்தம் என்னும் சொல்

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தில் யாராவது வளைகுடாவுக்குப் புறப்பட்டால் பெட்டி கட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. மசாலாப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் அடுக்கிய பிறகு கசகசாப் பொட்டலம் ஏதும் உள்ளே போய்விட்டதா என்று ஒருமுறை துழாவிப் பார்ப்பார்கள். குருமா கெட்டிப்படுவதற்காக நாம் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை அது. காயின் பாலிலிருந்து மார்ஃபினும் கோடீனும் மிகச் சிறிய அளவில் விதைமேல் ஒட்டியிருக்கும். நிறையச் சாப்பிட்டவரின் சிறுநீரில் அவை தென்படவும் கூடும். இதையும் ஒரு காரணமாகக் கொண்டுதான் அமெரிக்க அரசு 1998இல், வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் ஓபியேட்டுக்குரிய வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000ஆக உயர்த்தியது.

சமையலறையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. போதை பற்றிய நம் பேச்சில் பெண் சமையலறையைத் தாண்டி வருவதில்லை. அரசு மருத்துவமனைச் சுவரிலும் பள்ளி விழிப்புணர்வுப் பேரணியிலும் காணும் படத்தை நினைத்துப் பாருங்கள். தலை கவிழ்ந்த ஆண், பக்கத்தில் அழுகிற மனைவி, அவள் சேலையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. நோயாளி ஆண், நோயின் விளைவு பெண். பெண்ணே நோயாளியாக இருக்கும் படத்தை நான் எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு, மதுக்கடைக்கு எதிரான போராட்டங்களைப் பெரும்பாலும் பெண்களே நடத்தினார்கள். 2017இல் நெடுஞ்சாலைக் கடைகளை ஊருக்குள் மாற்ற முயன்றபோது மறித்து நின்றவர்களும் அவர்களே. அந்தப் போராட்டங்களின் நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் நாம் பேசிய மொழி, பெண்ணைக் குடிகாரனின் மனைவியாகவும் தாயாகவும் மட்டுமே முன்னிறுத்தியது. எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தபோது, மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு என்பதை எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். இந்த 1.6ஐ ஒரு சிறிய எண்ணாக வாசித்து நகர்ந்துவிட்டோம். கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் அது லட்சக்கணக்கான பெண்கள். அவர்கள் சிகிச்சைக்குப் போனால் அங்கே என்ன நடக்கும் என்று நாம் கேட்கவில்லை.

மெத்தடோன் என்ற மருந்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளைச் சார்ந்துபோன உடலுக்கு, விலகல் வேதனையும் தவிப்பும் இல்லாமல் அன்றாட வாழ்க்கையை மீட்டுத் தருவதற்காக மருத்துவர் எழுதித் தரும் மருந்து இது. கடுமையான புற்றுநோய் வலிக்கும் தரப்படுகிறது. சிகிச்சை முறையாக இதை 1960களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் உருவாக்கியவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் கிரீக் என மூவர். அவர்களில் இருவர் பெண்கள். ஹெராயின் எடுப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாக நடத்த வேண்டும் என்று, டோலைச் சந்திப்பதற்கு முன்பே எழுதிவந்த மனநல மருத்துவர் நைஸ்வாண்டர். இந்தியாவில் மாற்றுமருந்துச் சிகிச்சையில் பெரிதும் பயன்படுவது புப்ரெனார்ஃபின்தான். மெத்தடோன் 2012 வாக்கில் டெல்லி எய்ம்ஸ் உள்ளிட்ட சில இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2014இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து மார்ஃபின், ஃபென்டனில் முதலியவற்றோடு இதுவும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்ந்தது.

அரிய மருந்துதான், ஆனால் விளையாட்டான மருந்தல்ல. வலியை அது ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் தணிக்கும். உடலிலோ ஒரு நாளுக்கு மேலும் தங்கும், சிலருக்கு இரண்டு நாளும் ஆகும். வலி திரும்புகிறதே என்று இன்னொரு வேளை கூட்டிப் போட்டால், முந்தியது வெளியேறுவதற்குள் அடுத்தது சேர்ந்துவிடும். மூச்சு மெல்ல மெல்ல மந்தப்பட்டு உறக்கத்திலேயே நின்றுபோகலாம். ஆபத்து அதிகம் முதல் இரண்டு வாரங்களில். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, நாட்கள் விட்டுக் கூட்டுகிறார்கள். மதுவும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், மெத்தடோனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றி விலகல் வேதனையைக் கொண்டுவரும். வேறு சில மருந்துகள் அதன் அளவை ஏற்றும். இதயத் துடிப்பின் ஒழுங்கை அது பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜி பார்ப்பதுண்டு. மூன்று நான்கு நாள் விட்டுப்போனால் பழைய அளவுக்கே திரும்பக் கூடாது, உடல் அதற்குள் பழக்கத்தை இழக்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் வைத்தால் பூட்டி வைக்க வேண்டும். பெரியவரின் ஒரு வேளை மருந்து ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இதில் ஒவ்வொன்றும் நோயாளி உண்மை பேசுவதை நம்பி இருக்கிறது. நேற்று குடித்தாயா? மூன்று நாள் வரவில்லையே, மருந்து எடுத்தாயா? வேறு மாத்திரை போட்டாயா? பதில் பொய்யானால் அடுத்த வேளை மருந்தே உயிருக்கு உலை வைக்கும். சிறுநீர்ச் சோதனையின் மருத்துவப் பயன் இங்கேதான். வழக்கமான ஓபியேட் பட்டை மெத்தடோனைக் காட்டாது, அதற்குத் தனிச் சோதனை உண்டு. உடல் மெத்தடோனைச் சிதைக்கும்போது உருவாகும் பொருளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மாத்திரையைக் கோப்பையில் கரைத்தால் மெத்தடோன் தெரியும், சிதைந்த பொருள் தெரியாது. மருந்து உண்மையில் உடலுக்குள் போயிற்றா என்பதை அப்படி அறியலாம். அதே ஓபியேட் பட்டை டிரமடால், டேபென்டடால் மாத்திரைகளையும் பெரும்பாலும் காட்டாது. வரம்பு தாழ்ந்த சோதனையில், டேபென்டடால் போட்டவர் தேறிவிடலாம், கசகசா நிறையத் தின்றவர் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே முதல் பட்டையின் நிறம் ஒரு தொடக்கம் மட்டுமே. ஆய்வகத்தில் உறுதிசெய்து, நோயாளியோடு பேசிய பிறகே அதற்குப் பொருள் வரும்.

நடைமுறையில் அந்தப் பட்டை தீர்ப்பாகிவிடுகிறது. அதற்கு உதவுவது ஒரு சொல். சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் ‘சுத்தம்’ என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம்தான். ஆனால் தமிழில் அந்தச் சொல் வெறும் சொல்லாக வந்து இறங்குவதில்லை. மாதத்தில் மூன்று நாள் ‘சுத்தமில்லை’ என்று ஒதுக்கப்பட்டவளிடம், ‘சுத்தமான பெண்தானா’ என்று கல்யாணப் பேச்சில் விசாரிக்கப்பட்டவளிடம், சாதியின் பெயரால் தீட்டு என்று தள்ளி நிறுத்தப்பட்டவளிடம் மருத்துவமனையும் அதே சொல்லைக் கேட்கிறது. ஆணிடம் அது பழக்கத்தைப் பற்றிய கேள்வி. பெண்ணிடம் நடத்தையைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. பதில் பொய்யாவதற்கு இதைவிடச் சிறந்த வழி வேண்டாம்.

அடுத்தது பார்வை. மாற்றிக் கொடுத்துவிடாதபடி, சிறுநீர் கழிக்கையில் ஒருவர் நின்று பார்ப்பது பல நாடுகளில் நடைமுறை. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அந்த நிமிடம் எதை நினைவூட்டும் என்று விதி எழுதுபவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கோப்பையில் வெப்பம் காட்டும் பட்டை ஒட்டலாம், உமிழ்நீரில் சோதிக்கலாம். அவமதிப்பு இல்லாமலும் உண்மையை அறிய வழிகள் உள்ளன.

அந்தக் கோப்பை எங்கே போகிறது என்பதும் கேள்வி. அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், 1989இலிருந்து ஓர் அரசு மருத்துவமனை கர்ப்பிணிகளின் சிறுநீரில் கொக்கைன் தேடிக் காவல்துறையிடம் கொடுத்தது. கைதான முப்பது பேரில் ஒருவர் தவிர எல்லோரும் கறுப்பினப் பெண்கள். சம்மதமில்லாத அந்தச் சோதனை அரசியல் சட்டத்துக்கு முரணான தேடல் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரசவத்துக்கு வந்தவள் குற்றவாளியாகிற இடத்தில், அடுத்தவள் மருத்துவமனைக்கே வரமாட்டாள். ஓபியாய்டு சார்ந்த கர்ப்பிணி மருந்தைத் திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. மாற்றுமருந்தில் தொடர்வதே நல்லது என்பது 2014இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். குழந்தைக்கு விலகல் அறிகுறி வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

நம் சட்டத்தில் 27ஆம் பிரிவு நுகர்வுக்கே தண்டனை தருகிறது. தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு 64ஏ பிரிவு விலக்களிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைச் சார்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, நோயாளிக்கு ரகசியக் காப்பு உரிமை தந்தது. எழுத்தில் இவை நல்லவை. ஆனால் மருத்துவரிடம் பேசுவதற்கே ‘கூட யார் வந்திருக்கா?’ என்ற கேள்வியைத் தாண்ட வேண்டிய பெண்ணுக்கு ரகசியம் எங்கிருந்து வரும்? குற்றாலத்தில் வாழும் ஒருத்தி, திருநெல்வேலியில் தினமும் செவிலியர் முன் விழுங்க வேண்டிய மருந்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். மதியச் சோறு யார் பொங்குவது, தினம் எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு என்ன சொல்வது? கணவன் நோயாளியானால் மருந்தைப் பூட்டி வைத்து வேளைக்குக் கொடுப்பவள் அவள். அவள் நோயாளியானால் சாவி யார் கையில்? சாவியோடு அதிகாரமும் போகிறது. சொன்னபடி கேட்டால்தான் மருந்து என்று ஒரு வீட்டில் சொல்லிவிட முடியும். பாதுகாப்பான பயன்பாடு என்பதற்குள் இந்தக் கேள்வியும் வர வேண்டும்.

குற்றாலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. புத்தி பேதலித்தவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்து என்பது தமிழ்நாடு முழுக்க வேடிக்கையாகவும் வினையாகவும் சொல்லப்படும் வாக்கு. தலையில் தண்ணீர் கொட்டினால் உள்ளே இருப்பது கழுவிப் போய்விடும் என்ற நம்பிக்கை. இதே நம்பிக்கை சங்கிலியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டார்கள். நோயை அழுக்காகப் பார்க்கிறவரை, சிகிச்சையைக் கழுவலாகவோ கட்டிவைத்தலாகவோதான் நம்மால் கற்பனை செய்ய முடிகிறது. தினமும் ஒரு மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து வாழ்வது நம் கண்ணுக்குக் குணமாகத் தெரிவதில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவளை யாரும் ‘எப்போது சுத்தமாவாய்’ என்று கேட்பதில்லை.

பேரருவியில் பெண்களுக்கென்று கம்பி கட்டித் தனியிடம் பிரித்திருக்கிறார்கள். சாரல் காலத்தில் அங்கே கூட்டம் நெரியும். அந்தப் பக்கம் நிற்கும்போது யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. வயதானவர், கைக்குழந்தைக்காரி, அறுவை செய்த மார்போடு நிற்பவர், எல்லோர் தலையிலும் ஒரே தண்ணீர். மருந்து வாங்கும் சன்னலும் அப்படி இருந்தால் போதும். கோப்பையை நீட்டுகிறவர் ‘சுத்தமா?’ என்பதற்குப் பதிலாக, ‘மருந்து ஒத்துக்கிடுதா, எதையாவது சேர்த்துப் போட்டீங்களாம்மா?’ என்று கேட்கட்டும். உண்மையைச் சொன்னால் மருந்து நிற்காது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். அவள் சொல்வாள்.