பட்டன் கத்தி மடிக்கு ஆகுமா?

பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று அலகு வெளியே வந்து நிற்கும் கத்தி இப்போது 600 ரூபாய்க்கே கிடைக்கிறது. தினமும் கூடவே வைத்திருக்க அது தேறுமா? சித்திரையிலிருந்து ஆனி வரை, ஒரு பலாப் பருவம் முழுக்க, மங்கலம்பேட்டையில் ஒன்றை வைத்துப் புழங்கிப் பார்த்தேன். அலகு 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். பிடி துத்தநாகக் கலவை வார்ப்பு. என்ன எஃகு என்று கேட்டால், அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருப்பதுதான் பதில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூரியா மூட்டையின் வாயை இடது கையால் பிடித்துக்கொண்டே வலது கையால் கத்தியைத் திறந்து தையல் நூலை அறுக்கலாம். ஏணிமேல் நின்று ஒயர் உரிப்பவருக்கும் இது பெரிய வசதி. அமெரிக்கா 1958இல் இவ்வகைக் கத்திகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டபோதுகூட, ஒரே கை உள்ளவர் 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ளதை வைத்துக்கொள்ள விலக்கு அளித்தது. ஒரு கையால் திறப்பது சிலருக்கு உயிரான தேவை. அந்தத் தகுதியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

மலிவுக் கத்தி என்றதும் எல்லோரும் எஃகைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எஃகு மென்மைதான், நாலு அட்டைப்பெட்டி கிழித்தால் கூர் மடங்கிவிடுகிறது. ஆனால் மென்மையான எஃகு சீக்கிரம் கூரும் ஏறும். பக்கத்திலுள்ள விருத்தாசலத்தின் பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, அடிவளையத்தில் மட்டும் கிளேஸைத் துடைத்திருப்பார்கள். அந்தச் சொரசொரப்பில் அலகைச் சாய்த்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் தக்காளித் தோல் அறுபடும். வீட்டிலேயே சாணைக்கல் இருக்கிற ஊர் இது.

குறை பொறியில் இருக்கிறது. அலகின் வேர்ப்பகுதியில் இரண்டு பள்ளங்கள். மூடியிருக்கையில் பொத்தானோடு சேர்ந்த முளை ஒன்றில் விழுந்து அலகைப் பூட்டுகிறது. அழுத்தினால் முளை விலகும், சுருள்வில் அலகைத் தள்ளும், முழுக்க விரிந்ததும் முளை மற்றொரு பள்ளத்தில் விழும். விலை உயர்ந்த கத்தியில் இந்தப் பொருத்தம் துல்லியமாக இருக்கும். மலிவுக் கத்தியில் முதல் நாளே அலகு லேசாக ஆடியது.

மூன்றாவது பழம் அறுத்தபோது பலாப்பால் அலகு சுழலும் ஆணிக்குள் இறங்கிவிட்டது. வழக்கம்போல் கையிலும் அலகிலும் எண்ணெய் தடவியிருந்தேன், போதவில்லை. மறுநாள் பொத்தானை அழுத்தினால் அலகு முக்கால்வாசி வந்து நின்றது. பார்வைக்குத் திறந்த கத்தி. பூட்டு மட்டும் விழவில்லை. சக்கையில் ஊன்றியதும் சட்டென்று மடங்கி என் ஆள்காட்டி விரலில் கோடு போட்டது. சாதாரண மடக்குக் கத்தி இறுகினால் திறக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும். இங்கே திறக்கும் வேலையை வில் எடுத்துக்கொள்வதால் அந்த எச்சரிக்கை நம் கைக்கு வந்து சேருவதில்லை. என் தீர்ப்பில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது.

மண்ணெண்ணெய் விட்டுப் பிசினைக் கரைத்தேன், எண்ணெய் போட்டேன். எண்ணெய் தூசியைக் கூட்டி வந்தது. இந்தப் பக்கத்துப் பீங்கான் பட்டறைத் தூசியில் களிமண்ணோடு குவார்ட்ஸும் உண்டு. அது எஃகைவிடக் கடினம். எண்ணெயோடு குழைந்தால் பொருத்தத்தை அரைத்துத் தின்னும்.

உடையும் ஒத்துவரவில்லை. பிடியிலுள்ள கவ்வி ஜீன்ஸ் பைக்கென்று செய்தது. வேட்டி மடியில் செருகிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் பொத்தான் அழுந்துகிறது. என்னுடையதில் தனிப் பாதுகாப்புத் தாழும் கிடையாது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதமாகக் குறிக்கின்றன. அதிலும் வீட்டு, விவசாய, தொழிற்பயன்பாட்டுக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட பகுதிக்குத் தனி அறிவிக்கை போட முடியும். டெல்லியில் 1980 அக்டோபர் 29இல் போட்டார்கள்: 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும், அதற்கு மேலும் உள்ள பொத்தான், ஸ்பிரிங் கத்திகளுக்கு அங்கே உரிமம் வேண்டும். என் கத்தி இரண்டு அளவையும் தாண்டுகிறது. விருத்தாசலத்தில் ரயிலேறி டெல்லியில் இறங்குகிறவர் பையில் இது இருந்தால் வழக்காகிவிடும். நீளத்தில் அரை சென்டிமீட்டர் குறைவாக இருந்திருந்தால் அந்த அறிவிக்கைக்குள் வராது.

600 ரூபாயில் பெரும்பங்கு வில்லுக்கும் முளைக்கும் போய்விடுகிறது. அதே பணம் பொத்தானில்லாத மடக்குக் கத்தியில் நல்ல எஃகாகவும் இறுக்கமான ஆணியாகவும் கிடைக்கும். பூட்டும் வேண்டுமென்றால், பிரான்சின் ஒப்பினெல் 1955 முதல் வைத்துவரும் சுழல் வளையம் போன்ற எளிய அமைப்பு போதும். பூட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஒரு கையால் திறந்தே தீர வேண்டியவர் கூடுதல் பணம் போட்டு, பாதுகாப்புத் தாழ் உள்ள, 3 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள பட்டன் கத்தியாகப் பார்த்து வாங்கட்டும். மற்றவர்கள் மலிவு பட்டன் கத்தியை வாங்க வேண்டாம். என்னுடையது இப்போது மேசை இழுப்பறையில், பார்சல் டேப் அறுக்கக் கிடக்கிறது. பலாவுக்குப் பழைய மடக்குக் கத்தியைத்தான் எடுத்துப் போகிறேன்.