ஆறு தாண்டிய பிறகு வரும் தாகம்

கெல்லி ரைகார்ட்டின் ‘மீக்ஸ் கட்ஆஃப்’ (2010) படத்தை “ஒண்ணுமே நடக்கலையே” என்று பாதியில் மூடியவர்கள் முதல் காட்சியை மட்டும் மறுபடி பார்க்கலாம். 1845, ஆரிகன். மேற்கே குடியேறப் போகும் மூன்று குடும்பங்கள் மாட்டுவண்டிகளோடு ஆறு கடக்கின்றன. வசனம் கிடையாது. ஒரு பெண் பறவைக்கூண்டைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடக்கிறாள். கரையேறியதும் பாத்திரம் கழுவுகிறார்கள், பீப்பாயை நிரப்புகிறார்கள். அவ்வளவுதான்.

‘தி பிக் டிரெயில்’ (1930) போன்ற படங்களில் ஆறு என்பது வீரத்துக்கான மேடை. இங்கே அது வெறும் வேலை. அந்தத் தண்ணீர்தான் கடைசி வளம் என்பது நமக்குப் பிறகுதான் உறைக்கிறது; மிச்சப் படம் முழுக்கத் தாகம்தான்.

திரை ஏறக்குறைய சதுரம். பெண்களின் தொப்பி பக்கப் பார்வையை மறைப்பதுபோல, அடுத்து என்ன வரும் என்பது நமக்கும் தெரிவதில்லை. ஆண்கள் எடுக்கும் முடிவுகள் தூரத்து முணுமுணுப்பாகவே காதில் விழுகின்றன.

வரலாற்றில் ஸ்டீபன் மீக்கை நம்பிக் குறுக்குவழியில் போனவர்கள் சுமார் ஆயிரம் பேர். மூன்று வண்டிகளாகச் சுருக்கியதில் நஷ்டமில்லை. பயம் நெருங்கி வருகிறது.

ஒன்றுதான் உறுத்துகிறது. பிடிபட்ட பூர்வகுடி மனிதன் பேசுவதற்குச் சப்டைட்டில் இல்லை. குடியேறிகளின் அறியாமையில் நம்மையும் நிறுத்தும் உத்தி அது, சரி. ஆனால் அந்த நிலத்தை அறிந்த ஒரே ஆள் அவன். அவனையே புதிராக்கிவிட்டால், படமும் வண்டிக்காரர்கள் பக்கத்திலிருந்துதானே பார்க்கிறது?