நகரும் பணத்தில் வடிவம் தேடுதல்

வங்கிக் கணக்குகளை முனைகளாகவும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தையும் இரு முனைகளை இணைக்கும் கோடாகவும் கொண்டால் கிடைக்கும் அமைப்பைக் கணிதத்தார் கோட்டுரு என்பர். 2016-இல் அறிமுகமான யுபிஐ வழியே 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. நொடிக்குச் சராசரியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகள் இவ்வாறு சேர்ந்துகொண்டிருக்கையில், மோசடிப் பணத்தைக் கைமாற்றி விடுவதற்காகவே பிறர் பெயரில் இயங்கும் மியூல் கணக்குகளை மறுநாள் கண்டுபிடிப்பதால் பயனில்லை, ஏனெனில் அதற்குள் பணம் ரொக்கமாகி வெளியேறியிருக்கும்.

தொடர் வடிவங்காணலின் வலிமை இங்கேதான் தெரிகிறது. முழுக் கோட்டுருவையும் திரும்பத் திரும்பத் துழாவாமல், புதிதாக விழுந்த கோடு ஏதேனும் ஐயத்துக்குரிய வடிவத்தை நிறைவு செய்கிறதா என்று அதன் அண்டையில் மட்டும் இம்முறை தேடுகிறது. அத்தேடலைப் பல கணினிகள் பங்கிட்டுச் செய்வதே பரவல் கணிமை. பணம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுழல்களை நிகழ்நேரத்தில் பிடிக்கும் இத்தகைய அமைப்பொன்றை அலிபாபா ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டனர். எண்ணற்ற கோடுகள் குவியும் பெருங்கணக்குகளில் தேடல் திணறும் என்பதால், அவற்றுக்கிடையிலான பாதைகளை முன்கூட்டியே சேமித்து வைத்தனர். வேகம் கிடைத்தது, அச்சேமிப்பை ஓயாமல் புதுப்பிக்கும் சுமையும் உடன் வந்தது.

கோட்டுருவைக் கணினிகளிடையே எங்கே வெட்டுவது என்பது பொறியாளரின் சிக்கல். இந்தியாவிலோ அதை நிறுவனங்கள் ஏற்கெனவே வெட்டி வைத்துள்ளன: மூன்று வங்கிகளைக் கடந்து செல்லும் சங்கிலியை எந்த ஒரு வங்கியும் முழுமையாகக் காண்பதில்லை. மியூல் கணக்குகளை இனங்காண 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்த ‘மியூல்ஹன்டர்’ கருவியும், வங்கிகள் தத்தம் எல்லைக்குள் நின்றால், இக்குறையிலிருந்து தப்ப முடியாது.

இதனினும் பெரிய குறை, வடிவம் நோக்கத்தைச் சொல்லாது என்பது. ஆவுடையார்கோவில் போன்ற ஊரில் இருபது பேர் கட்டும் மாதச் சீட்டுப் பணம் ஒருவர் கணக்கில் ஒரே நாளில் சேர்ந்து, ஏலம் முடிந்ததும் எடுத்தவர் கணக்குக்கு மொத்தமாகப் போய்விடும்; பலரிடமிருந்து குவிந்து உடனே வெளியேறும் இதே வடிவம்தான் மியூல் கணக்கின் அடையாளமும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் அனுப்பும் பணம் உறவினர் ஒருவர் கணக்குக்கு வந்து நான்கு வீடுகளுக்குப் பிரிவதும் அப்படியே. கண்டறிதலின் வேகம் கூடக்கூட, தவறான ஐயமும் அதே வேகத்தில் பெருகும்; முடங்கிய கணக்கை மீட்பதோ பழைய வேகத்திலேயே நடக்கிறது.

காவல்துறை கோரிக்கையின்பேரில் முடக்கப்படும் கணக்குகளில், ஐயத்துக்குரிய தொகையை மட்டுமே நிறுத்தி வைக்க வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் வழங்கிய உத்தரவு, கணினியியலார் கவனிக்கத் தவறிய ஒன்றைத் தொடுகிறது: இம்முறை பிடிப்பது ஒரு கோட்டை, தண்டனை விழுவது முனையின் மீது. கோட்டை மட்டும் சற்று நேரம் தாமதப்படுத்தி உரியவரிடம் விசாரிக்கும் ஏற்பாடு, தொழில்நுட்பத்துக்கு எவ்விதத்திலும் அரியதன்று.