குரலுக்கு ஊர் இல்லையா?

அனுமந்தன்பட்டியில் அண்மையில் ஒரு திருமணப் பந்தலில் அமர்ந்திருந்தோம். வாயிலில் கட்டிய மைக்செட்டில், 1998இல் வந்த 'உயிரே' படத்தின் 'தைய தையா' பாடல் முழங்கிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த இளைஞர்களிடம் கேட்டோம். ரயில் கூரைமீது ஆடியவர்கள் யார்? ஷாருக் கான், மலைக்கா அரோரா என்றனர். இயக்கியவர்? மணிரத்னம். இசை? ஏ. ஆர். ரகுமான். பாட்டெழுதியவர்? நம் தேனி மாவட்டத்து வைரமுத்து என்று பெருமிதம் பொங்கச் சொன்னார்கள். ஆண்குரல்? சுக்விந்தர் சிங் என்றார் ஒருவர். சரி, அந்தப் பெண்குரல் யாருடையது? பந்தலே ஊமையாயிற்று!

அக்குரலுக்கு உரியவர் மால்குடி சுபா. மால்குடி என்பது ஆர். கே. நாராயண் தம் கதைகளிலே கட்டிய ஊர். எந்த நிலப்படத்திலும் இல்லாத ஊர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய பாடகியின் முதல் முயற்சியும் தமிழ்நாட்டு இசைப்படத்திலே இடம்பெறாமல் போன கதையைத்தான் இங்கே ஆராய முற்படுகிறோம்.

1992இல் 'ரோஜா' வெளிவருவதற்குச் சற்று முந்திய காலம். ரகுமான் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். சுபா விளம்பரங்களுக்குப் பாடிக்கொண்டிருந்தார். விளம்பரப் பாட்டின் இலக்கணம் என்ன? அரை நிமிடம் ஒலிக்கும்; பொருளின் பெயர் நெஞ்சில் நிற்கும்; பாடியவர் பெயர் காற்றோடு போகும். அந்தச் சிறையிலிருந்து வெளிவரத்தான் இருவரும் சேர்ந்து ஆங்கிலப் பாடல்கள் கொண்ட தொகுப்பொன்றைப் படைத்தனர். மேக்னாசவுண்ட் நிறுவனம் வெளியிட்டது. தொகுப்பின் பெயர் 'செட் மி ஃப்ரீ'; என்னை விடுதலை செய் என்று பொருள்!

விடுதலை கிடைத்ததா? இல்லை. வாங்குவாரும் இல்லை, பேசுவாரும் இல்லை. சிறிது காலத்திலேயே 'ரோஜா' வந்தது. அதே இசையமைப்பாளரை நாடு தோளிலே தூக்கிற்று. தேசிய விருது தேடிவந்தது. பாடகி மட்டும் மீண்டும் பிறர் உதடுகளுக்குப் பின்னே நின்று பாடச் சென்றார்.

"அந்தப் பெண்ணுக்கு யோகம் இல்லை" என்பார்கள் சிலர். யோகம் என்பது, காரணம் தேடச் சோம்பியவன் கண்டுபிடித்த காரணம்! வயல் காய்ந்தால் வாய்க்காலைப் பார்ப்பவன் அறிவுள்ள உழவன். வானத்துக் கோளைப் பார்ப்பவன் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. "திறமை இருந்தால் தானே வெல்லும்" என்பதும் அதே சோம்பலின் மறுபக்கந்தான். தோற்ற தொகுப்புக்கு இசை ரகுமான், குரல் சுபா. வென்ற 'தைய தையா'வுக்கும் இசை ரகுமான், பெண்குரல் சுபா. திறமையிலே குறை இருந்ததென்று எவ்வாறு சொல்வது? அப்படியானால் குறை எங்கே?

முதற்குறை, சந்தையிலே. 1938இல் ஏ. வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தின் வாயிலாக, நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதனால் இசைக்கு நன்மையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலப்போக்கில் முகம் இல்லாத குரலுக்கு மதிப்பில்லை என்னும் பழக்கம் ஊறிப்போயிற்று. ஒலிநாடாக் கடையிலே பக்திப் பாட்டுக்கு ஒரு தட்டு, சினிமாப் பாட்டுக்கு ஒன்பது தட்டு. இரண்டிலும் சேராத பாடகி எந்தத் தட்டிலே அமர்வது?

இரண்டாவது குறையை மறைக்கமாட்டோம்; அது தொகுப்பிலேயே இருந்தது. விடுதலை கேட்டவர் எம்மொழியில் கேட்டார்? ஆங்கிலத்தில்! அனுமந்தன்பட்டியிலே திராட்சைக்குப் பந்தல் போடும் பெண்ணுக்கு அந்தக் குரல் எட்டவில்லை. ஆங்கிலம் கேட்ட பெருநகரத்தாருக்கோ மேனாட்டுப் பாடகரின் நாடா கையருகே கிடைத்தது. இரு கரைக்கும் எட்டாத பாலம் அது. பின்னாளில் சுபா தமிழிலேயே பாப் பாடல் தொகுப்புத் தந்தார், அதுவே நேர்வழி.

மூன்றாவது, மேடை இன்மை. நாகூர் இ. எம். ஹனீபாவைத் தமிழ்நாடு அறிந்தது திரையின் தயவாலா? இல்லை, மாநாட்டு மேடைகளிலே மக்கள் நேரிலே கேட்டனர், பெயரோடு நினைவில் வைத்தனர். நம் பக்கத்துப் பண்ணைப்புரத்திலே பிறந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் தம்பியரோடு பாடினார். அவர் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கு இன்றும் சொல்லுகிறது. கேட்பவர் முன்னே நின்று பாடியவருக்குப் பெயர் தங்கிற்று. ஒலிப்பதிவு அறையிலே நின்று பாடியவருக்குக் கூலி மட்டுமே தங்கிற்று.

சட்டம் சற்றே விழித்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், பாடியவர் இன்னார் என அறிவிக்கப்படவும், வணிகப் பயனில் உரிமைத்தொகை பெறவும் பாடகருக்கு வழிசெய்தது. 2023இல் நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கனியோடு ஊரின் பெயரும் சட்டப்படி ஒட்டிக்கொண்டது. மகிழ்ந்தோமல்லவா? கனிக்குப் பிறந்த மண்ணின் பெயர் உரியது என்றால், பாட்டுக்குப் பிறந்த தொண்டையின் பெயர் உரியதாகாதா?

ஆனால் சட்டம் ஏட்டில் எழுதும். நாட்டில் எழுத வேண்டியவர் நாம். ஆகவே, தோழர்களே, அடுத்த விழாவில் பாட்டு ஒலிக்கும்போது, பாடியவர் பெயரை மைக்செட்டிலே முதலில் சொல்லுங்கள். படிப்பகத்து ஆண்டுவிழாவில் திரைப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், நம் ஊர்ப் பெண் ஒருத்தி தன் பாட்டைத் தன் பெயரில் தமிழில் பாட அரைமணி நேரமேனும் கொடுங்கள். "என்னை விடுதலை செய்" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டும் கேளாதிருந்தோம். இனியொரு குரல் அவ்வாறு கேட்டுவிட்டுத் திரும்பிப்போகாமல் பார்த்துக்கொள்வோம்.