நாளுக்கு ஒரு கட்டடம்

கற்பனை உலகங்களில் முறை வைத்து ஆடப்படும் போர் விளையாட்டுகளைப் பற்றி எழுத வருகிறவர்கள், வாளும் மந்திரமும் மோதுகிற களத்திலேயே மனத்தைப் பறிகொடுத்து, அக்களத்துக்கு வாரந்தோறும் சேனையைப் பெற்றுத் தருகிற நகரத்தை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஜான் வான் கேனகெம் 1990-ல் ‘கிங்ஸ் பவுண்டி’யை அமைத்தபோது, நகரம் வழிப்போக்கன் வேண்டியதை வாங்கிக்கொண்டு போகும் இடமாகவே இருந்தது, 1995-ல் அவருடைய நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’கை வெளியிட்டபோதுதான், அது நாள்தோறும் கட்டி எழுப்ப வேண்டிய காரியமாயிற்று. அந்த வரிசையில் 1999-ல் வந்த மூன்றாம் பாகத்தையே ரசிகர்களில் பெரும்பாலோர் இன்றும் பிரமாணமாகக் கொள்வதால், நானும் அதையே ஆதாரமாகக் கொண்டு எழுதுகிறேன்.

மூன்றாம் பாகத்தின் நகர நிர்வாகம் முழுவதும் ஒரே விதியின்மேல் நிற்கிறது. பொக்கிஷம் எவ்வளவு நிரம்பி வழிந்தாலும், ஒரு நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடத்துக்கு மேல் எழுப்ப முடியாது. ஏழு நாள் கொண்ட வாரத்தின் முதல் நாளில்தான் உறைவிடங்களில் படையினர் பெருகுவர் என்பதும், சிட்டடல் என்னும் அரண் நின்றால் அப்பெருக்கம் ஒன்றரை மடங்கு, அதன் மேற்படியாகிய காஸில் நின்றால் இரு மடங்கு என்பதும் இதனோடு சேரும்போது, காஸிலை ஏழாம் நாளில் முடித்தவனுக்கும் எட்டாம் நாளில் முடித்தவனுக்கும் இடையே அரை வாரத்து இயல்பான விளைச்சல் அளவு தூரம் ஏற்பட்டுவிடுகிறது. பொன்னைத் தேடிக்கொள்ளலாம், மரத்தைச் சந்தையில் மாற்றிக்கொள்ளலாம். போன நாளை எந்தச் சந்தையிலும் வாங்க இயலாது. இந்த நாள் பஞ்சத்துக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு சமாதானங்களே நகர நிர்வாகத்தின் சம்பிரதாயங்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் சம்பிரதாயத்தாரைப் பொக்கிஷவாதிகள் எனலாம். நகரத்துக்கு வரி ஈட்டும் கட்டடமாகிய வில்லேஜ் ஹால் நாளொன்றுக்கு 500 பொன் தரும். 2,500 செலவிட்டு டவுன் ஹால் ஆக்கினால் 1,000. மேலும் 5,000 செலவிட்டுச் சிட்டி ஹால் ஆக்கினால் 2,000. மேலும் 10,000 செலவிட்டுக் கேப்பிட்டல் ஆக்கினால் 4,000. கணக்கிட்டுப் பார்ப்பவர் மூன்று படிகளிலும் போட்ட முதல் சரியாக ஐந்தே நாளில் திரும்பி வருவதைக் கண்டு, வேறெதையும் கட்டுவது மடமை என்று எண்ணக்கூடும். ஆனால் கேப்பிட்டலுக்குக் காஸில் முன்தேவை. சிட்டி ஹாலுக்குச் சந்தையும் கொல்லன் பட்டறையும் மந்திரச் சங்கமும் முன்தேவை. ஆகையால் ஐந்து நாள் என்ற அந்த அழகிய கணக்கு ஏட்டில் மட்டுமே உண்மை.

அவர்களுடைய சாஸ்திரோக்தமான முதல் வாரத்தைச் சற்று நின்று பார்ப்போம். ஃபோர்ட்டும் டாவர்னும் முன்பே நிற்கும் நகரத்தில் முதல் நாள் டவுன் ஹால், அடுத்த மூன்று நாளும் முறையே சந்தை, பட்டறை, மந்திரச் சங்கம், ஐந்தாம் நாள் சிட்டி ஹால், ஆறாம் நாள் சிட்டடல், ஏழாம் நாள் காஸில் என்று கட்டிக்கொண்டு போனால் ஆகும் செலவு 18,500 பொன். ‘எக்ஸ்பர்ட்’ என்னும் கடின நிலையில் தொடக்கக் கையிருப்பு 10,000. ஏழாம் நாள் காலை வரையில் நகரம் ஈட்டுவது 8,000. ஐந்நூறு பொன் குறைகிறது. டாவர்னில் சேனையை நடத்தும் இரண்டாவது நாயகனை அமர்த்தினால் இன்னும் 2,500 குறையும். மரமோ 25 வேண்டும், கையில் இருப்பது 10. மர ஆலையைக் கைப்பற்றினால்தான் நாளுக்கு இரண்டு வரும். ஆக, சிக்கனத்தின் உச்சியில் நிற்கிற இந்தத் திட்டமும் மதிலுக்கு வெளியே சென்று ஒருவன் வழியோரப் பேழையைத் திறந்து எடுத்து வராமல் நிறைவேறாது.

இரண்டாம் சம்பிரதாயத்தாராகிய சேனாவாதிகள் இந்த இடத்தில்தான் வாதத்தைத் தொடங்குகிறார்கள். பேழைக்கும் சுரங்கத்துக்கும் காவல் இருக்கிறது. காவலை வெல்லச் சேனை வேண்டும். ஆகையால் உறைவிடம் முதலில், வரி பின்னர் என்பது அவர்கள் கொள்கை. உறைவிடம் எழுந்த அன்றே அதன் முதல் வார விளைச்சல் கையில் கிடைப்பதால் இந்த வாதத்துக்கு வலு உண்டு. நாயகர்களைப் பலராக அமர்த்தி, சேனையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றி ஒரே நாளில் நெடுந்தூரம் ஓட்டுகிற ‘செயின்’ முறையார் மூன்றாம் பிரிவினர். அவர்கள் வித்தை பெரும்பாலும் மதிலுக்கு வெளியே நடப்பதாதலால் இங்கே விரிக்கவில்லை.

எந்தச் சம்பிரதாயம் சிறந்தது என்ற கேள்விக்கு நகரத்தின் ஜாதியைப் பாராமல் விடை கூறுபவரை நான் நம்புவதில்லை. காஸில் என்னும் பெயரையே தாங்கிய நகரத்தில் தேவதூதர்களை வரவழைக்கும் மாளிகைக்கு 20,000 பொன்னும், பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தும் வேண்டியிருப்பதால், அங்கே பொக்கிஷவாதியின் பொறுமை கைகொடுக்கும். ராம்பார்ட் நகரத்தின் கருவூலம் வாரந்தோறும் கையிருப்புக்குப் பத்து சதவீத வட்டி தருகிறது. பணத்தைச் சும்மா வைத்திருப்பவனுக்குப் பரிசளிக்கும் கட்டடம் இது ஒன்றுதான் என்பதால், கஞ்சர்கள் இந்நகரத்தை விரும்புவதில் வியப்பில்லை! ஸ்ட்ராங்ஹோல்ட் நகரத்தின் மந்திரச் சங்கமோ மூன்றாம் படியோடு நின்றுவிடும். நான்காம் ஐந்தாம் படிகளில் ஒரு நாளை வீணாக்கும் சபலத்துக்கே அங்கு இடமில்லை.

தரம் காண்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் சிறியது. வென்றவனுடைய நகரத்தில் எவையெவை கட்டப்படாமல் நிற்கின்றன என்று பார்ப்பேன். ஒரு ராஜ்யத்துக்கு ஒரே கேப்பிட்டல்தான் என்பதும், இரண்டாவதொன்றைக் கைப்பற்றினால் அது சிட்டி ஹாலாகக் குறைக்கப்படும் என்பதும் அறிந்திருந்தும், தன் இரண்டாம் நகரத்தைத் தலைநகரைப் போலவே அடுக்கிக்கொண்டு போகிறவன், அழகுணர்ச்சி உடையவனாக இருக்கலாம், நிர்வாகியல்லன். அந்த நகரத்தில் சந்தை ஒன்று எழுந்தாலே தலைநகரின் மாற்று விகிதம் இலகுவாகும் என்று தெரிந்து அதோடு நிறுத்துகிறவன் கைதேர்ந்தவன்.

பின்வந்த பாகங்கள் இந்த நாள் பஞ்சத்தைப் பலவாறு தணித்துப் பார்த்தன. 2002-ல் வந்த நான்காம் பாகம் படைப்பெருக்கத்தை வாரத்திலிருந்து நாளுக்கு மாற்றியது. இரண்டு உறைவிடங்களில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை இழக்க வேண்டும் என்ற நல்ல சங்கடத்தை அது புகுத்தியதையும் சொல்லாமல் விடலாகாது. 2011-ல் வந்த ஆறாம் பாகம் பொன், மரம் முதலான ஏழு செல்வங்களை நான்காகச் சுருக்கியது. அதனை என்னால் ரசிக்க முடியவில்லை. போட்டி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மூன்றாம் பாகத்தையே, ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்னும் ரசிகர் திருத்தத்தோடு, ஆடி வருகிறார்கள். அவர்களுடைய விதிகள் சிலவற்றில் கான்ஃப்ளக்ஸ் நகரம் விலக்கப்படுகிறது. மூல நகரங்களில் ஏழாம் படிப் படையினம் வாரத்துக்கு ஒன்றே பிறக்க, அங்கே ஃபீனிக்ஸ் பறவைகள் இரண்டும், காஸில் நின்றால் நான்கும் பிறக்கின்றன. விலக்கியது நியாயம் என்றே நினைக்கிறேன்.