கறுப்புச் செவ்வகம்: சினிமா விமர்சனமும் மேற்கோளும்

1

தமிழில் சினிமா குறித்து எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கொட்டகை இருட்டில் ஒருமுறையோ இருமுறையோ பார்த்துவிட்டு, டீக்கடையில் பேசித் தீர்த்து, ராத்திரி உட்கார்ந்து எழுதியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கவிதையை விமர்சிப்பவர் நாலு வரியை எடுத்துப் போட்டு, 'இதோ, நீயே பார்' என்று வாசகரிடம் சொல்லிவிட முடியும். சினிமா விமர்சகருக்கு அது வாய்க்கவில்லை. 'அந்த ஷாட்டில் அவள் திரும்புகிறபோது' என்று அவர் எழுதுவதை நாம் நம்பலாம், நம்பாமலும் போகலாம், சரிபார்க்க வழியில்லை. பிரெஞ்சு விமர்சகர் ரெமோன் பெலூர் 1975இல் சினிமாவை எட்டாத பிரதி என்று சொன்னதும் இதை முன்வைத்துத்தான். எழுத்தை எழுத்தால் மேற்கோள் காட்டலாம். ஓடுகிற பிம்பத்தை எதைக் கொண்டு காட்டுவது?

நம் பத்திரிகைகள் அந்த இடத்தில் 'ஸ்டில்' போட்டன. ஸ்டில் படத்திலிருந்து எடுக்கப்பட்டதல்ல. படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தனிக் கேமராவில், வேறு கோணத்தில், விளம்பரத்துக்காக எடுத்தது. நடிகர் நிற்கிற இடம்கூட அதில் வேறாக இருக்கலாம். வணிக சினிமாவின் கருத்தியலைக் கட்டுடைக்கிறோம் என்று எழுதிய பக்கங்களுக்கு நடுவே, அந்த வணிகமே அச்சிட்டுக் கொடுத்த விளம்பரம் சாட்சியாக உட்கார்ந்திருந்தது. பிலிம் பிரதியிலிருந்து நேராகச் சட்டகத்தைப் பெரிதாக்கி அச்சிட வேண்டும் என்பதை டேவிட் போர்ட்வெல், கிறிஸ்டின் தாம்ப்சன் போன்றவர்கள் தங்கள் புத்தகங்களில் செய்தே காட்டினார்கள். அதற்குப் பிரிண்ட் கைக்கு வரவேண்டும். நமக்கு எங்கே வரும்?

டிவிடியும் பழைய கணிப்பொறி ஒன்றும் சேர்ந்துதான் என்னைப் போன்றவர்களுக்கு இதைச் சாத்தியமாக்கின. ஆனால் அப்படி எடுத்த சட்டகம் எதற்குச் சாட்சி? படத்துக்கா, தட்டுக்கா, கணிப்பொறிக்கா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் எழுதிய கட்டுரை ஒன்று என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

2

இரண்டாம் கையாக வாங்கிய, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற பெட்டி. தட்டைப் போட்டேன், வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தினேன், விசைப்பலகையில் பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தினேன், பெயிண்டில் கொண்டுபோய் ஒட்டினேன். சுற்றிலும் பிளேயரின் பொத்தான்கள் பதிந்திருந்தன. நடுவே படம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு செவ்வகம்.

காரணம் எளிது. அந்தக் காலத்துக் கணிப்பொறியின் மூளைக்கு டிவிடிப் படத்தை ஓட்டுவதே பெரும் பளு. ஆகவே அந்த வேலையைக் கிராபிக்ஸ் கார்டு எடுத்துக்கொண்டது. விண்டோஸ் தன் திரையில் ஒரே நிறத்தில் ஓட்டை ஒன்றை விட்டுவைக்கும். கார்டு அந்த ஓட்டைக்குள் நேராகப் படத்தைத் தீட்டும். ஓவர்லே என்று அதற்குப் பெயர். பிரிண்ட் ஸ்கிரீன் படியெடுப்பது விண்டோஸின் திரையை மட்டும். அதாவது ஓட்டையை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயிண்டில் ஒட்டினால், இடம் பொருந்தி வந்தால், ஒட்டிய ஓட்டைக்குள்ளும் படம் ஓடும்! கிடைத்துவிட்டது என்று சேமித்து, பிளேயரை மூடினால், மறுபடி கறுப்பு.

வழி இருந்தது. டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் வன்பொருள் முடுக்கத்தைக் குறைத்தால் ஓவர்லே நின்றுவிடும். படம் திக்கித் திக்கி ஓடும். நமக்கு வேண்டியது நின்ற சட்டகம்தானே, திக்கினால் என்ன. அல்லது விஎல்சி மாதிரி, சட்டகத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிற பிளேயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிள் கணிப்பொறியிலோ அதன் சொந்த டிவிடி பிளேயர் ஓடும்போது திரையைப் படியெடுக்க முடியாது என்று நேராகவே மறுப்புச் செய்தி வரும்.

இந்த இரண்டு கறுப்புகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது இயந்திரத்தின் இயலாமை. இரண்டாவது யாரோ போட்ட தடை. இன்று இணையத்தில் காசு கட்டிப் பார்க்கிற படங்களில் திரையைப் படியெடுத்தால் பெரும்பாலும் வருவதும் இந்த இரண்டாவது வகைக் கறுப்புத்தான்.

3

தடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. டிவிடி உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தது. அமெரிக்கா 1, மேற்கு ஐரோப்பா 2, இந்தியா 5. கணிப்பொறியில் இருக்கும் டிவிடி டிரைவின் மண்டலத்தை ஐந்தே முறைதான் மாற்றலாம். அதற்கப்புறம் அது கடைசியாக நின்ற நாட்டின் குடிமகன். தட்டில் உள்ள படமும் பூட்டப்பட்டிருக்கும். 1999இல் அந்தப் பூட்டைத் திறக்கும் சிறு நிரல் வெளியானது. அதில் பங்கெடுத்த நார்வே சிறுவன் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. வழக்குப் போட்டார்கள். 2003இல் கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரை விடுவித்தன. தான் வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமாகாது என்பதே சாரம். அமெரிக்காவில் சினிமா பாடம் நடத்தும் பேராசிரியர்கள் வகுப்புக்காகத் துண்டுகள் எடுப்பதற்கே 2006இல் தனி விலக்கு வேண்டியிருந்தது.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கூர்மையானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படத்தின் எந்தப் பிம்பத்தையும் புகைப்படமாக எடுப்பதும் படத்தை நகலெடுப்பதே என்கிறது. ஒரேயொரு சட்டகம் எடுத்தாலும் கணக்கில் வரும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறலல்ல என்கிறது. பூட்டை உடைப்பதைத் தண்டிக்கும் 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது; அதிலும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். ஆக, மேற்கோள் காட்டும் உரிமை சட்டத்தில் நமக்கு இருக்கிறது. பதிப்பகத்தார் 'எதுக்குங்க வம்பு' என்று படத்தை எடுத்துவிடச் சொல்கிறபோது பேசுவது சட்டமல்ல, பயம்.

4

சரி, பூட்டும் திறந்தது, கறுப்பும் விலகியது. கைக்கு வந்த சட்டகம் என்ன?

பிலிமில் நொடிக்கு 24 சட்டகங்கள். அமெரிக்க முறைத் தட்டில் ஏறக்குறைய 30 வேண்டும். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? நாலு பிலிம் சட்டகங்களைப் பாதிப் பாதிக் கோடுகளாகப் பிரித்து ஐந்தாக்குகிறார்கள். அந்த ஐந்தில் இரண்டு, அடுத்தடுத்த இரு சட்டகங்களின் கோடுகளைக் கலந்தவை. நிறுத்திப் பார்த்தால் கையசைவின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி தெரிகிறதே, அது இதனால்தான். அந்தப் பிம்பம் கேமராவில் எந்த நொடியிலும் பதிவானதல்ல. அதை வைத்துக்கொண்டு 'அவள் முகத்தில் இரண்டு உணர்ச்சிகள் மோதுகின்றன' என்று எழுதினால், மோதுவது கோடுகள்தான்.

இதற்கும் அடியில் இன்னொன்று. டிவிடியில் முழுப் பிம்பமாகப் பதிவாவது சுமார் அரை நொடிக்கு ஒன்றுதான். மற்றவை எல்லாம் பக்கத்துப் பிம்பத்திலிருந்து எதெது மாறியிருக்கிறது என்ற குறிப்புகள். சசூரை மேற்கோள் காட்டிக் காட்டி நாம் எழுதிய வித்தியாசங்களின் அமைப்பு இங்கே தட்டில் பொறிக்கப்பட்டுக் கிடக்கிறது. நாம் நிறுத்துகிற சட்டகத்தைப் பல சமயம் கணிப்பொறி அந்தக் கணத்தில் கட்டித்தான் தருகிறது.

விகிதத்திலும் கவனம் வேண்டும். அகலத்திரைப் படத்தைத் தட்டில் 720க்கு 480 புள்ளிகளாக நெருக்கித் திணித்திருப்பார்கள்; பார்க்கும்போது பிளேயர் விரித்துக் காட்டும். விரிக்காமல் எடுத்தால் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். 480 உயரத்துக்கு 854 அகலம் வரும்படி விரிக்க வேண்டும். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 720 புள்ளிக்கு 2.4 அங்குலம்தான் கிடைக்கும். சிறுபத்திரிகையின் ஒரு பத்திக்கு அது போதும்.

5

இப்போது என் கட்டுரைக்கு வருகிறேன். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வந்த கிராமத்துப் படம் ஒன்றைப் பற்றி எழுதினேன். பஞ்சாயத்துக் காட்சி. சட்டகம் முழுக்க பண்ணையாரும் நாயகனும். யாருக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லப்படுகிறதோ அந்த மனிதர் சட்டகத்தில் இல்லை. இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும். அந்தச் சட்டகத்தை எடுத்து அச்சிட்டு, ஒடுக்கப்பட்டவனை முழங்கையாகக் குறுக்குகிறது இயக்குநரின் கேமரா என்று இரண்டு பக்கம் எழுதினேன். பாராட்டும் கிடைத்தது.

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் கூட்டம். அந்தச் சட்டகத்தைத் திரையில் போட்டுப் பேசினேன். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். முப்பது வருஷம் புரொஜெக்டர் ஓட்டியவர்.

"தம்பி, அந்தாளு முழுசா நிப்பாப்ல. தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சிருப்பாப்ல. நான் மூணு வாரம் ஓட்டுன படம். ஒங்க கம்ப்யூட்டர்ல எங்க போனாப்ல?"

"தட்டுல அப்படித்தாங்கய்யா இருக்கு" என்றேன். "அப்ப தட்டுதான் தப்பு" என்றார்.

ஞாபகத்திலிருந்து எழுதிய தலைமுறையைப் பார்த்துச் சாட்சி எங்கே என்று கேட்டவன் நான். சாட்சி என் கையில் இருந்தது, உண்மை அவருடைய ஞாபகத்தில் இருந்தது. ரொம்ப நாள் தேடி அதே படத்தின் வேறொரு தட்டைப் பிடித்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழு அகலமும் உள்ள தட்டு. நின்றார். துண்டு கக்கத்தில்.

என்ன நடந்திருக்கிறது? 2.35க்கு 1 என்ற அகலத்தைப் பழைய டிவிப் பெட்டியின் 4க்கு 3 சதுரத்துக்குள் நிரப்பினால் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். எதை வைப்பது, எதை விடுவது என்று பெயர் தெரியாத ஒருவர் மாற்றுக் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அவருக்குக் கொள்கை எதுவும் வேண்டியதில்லை. பேசுகிறவரைச் சட்டகத்துக்குள் வை என்ற தொழில் வழக்கம் போதும். பேச்சு யாருக்குக் கொடுக்கப்படவில்லையோ அவர் தானாகவே வெளியே போய்விடுவார்.

இயக்குநர் மேல் நான் சுமத்திய பழி தவறு. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, 'எல்லாம் தட்டு செய்த வேலை' என்று கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வசனமில்லாமல், ஓரத்தில், வெட்டுவதற்கு வசதியான இடத்தில் அவரை நிறுத்தியது அந்தப் படம்தானே? படத்தின் அரசியலைத் தட்டு முடித்துவைத்திருக்கிறது. ஒரு தட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டாவது வாசிப்புக்கு வந்திருக்க மாட்டேன்.

ரோலன் பார்த் 1970இல் ஐசன்ஸ்டைனின் சட்டகங்களை வைத்து எழுதினார். கதைக்கும் குறியீட்டுக்கும் அப்பால், பெயரிட முடியாத மூன்றாவது அர்த்தம் ஒன்று நின்ற சட்டகத்தில்தான் தென்படுகிறது என்றார். கக்கத்துத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கதைக்கு அது தேவையில்லை. வசனத்தில் இல்லை. ஆனால் அதன் அர்த்தத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். தெரிந்ததால் சொல்லப்படாமல் இருப்பது. பார்த்தை நாம் இங்கே கொண்டுவரும்போது இந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

6

'பிரதி' என்ற சொல்லை நம் சிறுபத்திரிகைகள் எவ்வளவு புழங்கின! வாசிக்கப்படும் பனுவல் என்ற பொருளில் மட்டுமே புழங்கினோம். நகல் என்ற பழைய பொருள் அதற்குள்ளேயே இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தபோது பதிப்பியல் தாளை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்தவன் நான். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பி உட்காரவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டார். பாடபேதம் குறித்தார். சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. யாரும் எழுதி நிரப்பவில்லை. ஏடு எழுதியவர் பிழைபட எழுதுவார் என்பது அவருக்குத் தெரியும். தட்டு எழுதியவரும் பிழைபட எழுதுவார் என்பதை நான் ஒரு புரொஜெக்டர்காரரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே நடைமுறை யோசனை ஒன்று. சட்டகம் அச்சிடுகிற ஒவ்வொரு பத்திரிகையும் அதற்கடியில் ஒரு வரி சேர்க்கட்டும்: எந்தத் தட்டு, எத்தனையாவது நிமிடம், முழு அகலமா வெட்டியதா, எதைக் கொண்டு எடுத்தது. இரண்டு தட்டுகள் வேறுபட்டால் இரண்டையும் போடுவோம். தட்டின் மூலையில் கம்பெனி முத்திரை இருந்தால் இருக்கட்டும், அழிக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மெருகேற்றி, கேமரா பார்க்காத தோல் துளைகளை முகத்தில் வரைந்து சேர்ப்பது, செய்யுளில் சொந்த வரியைச் செருகுவதற்குச் சமம்.

அவசரமும் இருக்கிறது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நமக்கு மிஞ்சியவை புகைப்படங்களும் விளம்பரங்களும். புதிய கணிப்பொறிகளில் தட்டுப் போடும் டிரைவே கிடையாது. சில படங்களுக்கு அந்த மோசமான தட்டைத் தவிர எளிதில் கிடைக்கும் பிரதி வேறில்லை. உங்கள் ஊர்ப் பழைய சிடி கடையில், பரணில் கிடக்கும் பெட்டியில் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். ஒரே படத்துக்கு இரண்டு தட்டு இருந்தால் இரண்டையும் போட்டு ஓரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். படம் ஓட்டியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.

என் பழைய பெட்டி மேஜைக்கடியில் இன்னும் ஓடுகிறது. முழங்கைச் சட்டகமும் முழு மனிதர் நிற்கும் சட்டகமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டுரை எங்காவது மறுபிரசுரம் ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். இல்லையென்றால் போட வேண்டாம்.